ஒரு வீட்டுப் பெயரைத் தேடி

2012-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவிலிருந்த ஒரு பழைய வீடு இடிக்கப்படுகிறது என்ற செய்தியைப் பத்திரிகையிற் கண்டபோது, அந்த வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்து சங்க நூல்களை அச்சேற்றிய மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையரை நினைத்துப் பலரும் வருந்தினார்கள். அவர்களோடு நானும் வருந்தினேன் என்றாலும், என் மனம் அந்தக் கணத்தில் முதலில் ஓடியது, இளமையில் நான் படித்த சிறிய கல்லூரியின் தமிழாசிரியரிடத்திலேதான். அந்த வீட்டின் பெயர் தியாகராஜ விலாசம். அந்தப் பெயரைக் கொண்டே அவர் ஒரு நாள் என்னை ஒரு தேடலில் இறக்கிவிட்டார்.

எங்கள் கல்லூரியில் மூன்று கட்டடங்களும், நடுவில் ஒரு வேப்பமரமும், கிழக்கு மூலையில் நூலகம் என்று பெயர் பெற்ற ஓர் அறையும் இருந்தன. ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் ஒரு பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே எந்த மாணவன் எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறான், எவன் வீட்டில் அறுவடை பொய்த்தது, எவனுக்குச் சம்பளம் கட்டத் தவணை வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியர்கள் முதல் ஆபீஸ் ரைட்டர் வரை அனைவருக்கும் தெரிந்திருந்தது. இத்தகைய ஸ்தாபனத்தில் படித்தவர்களுக்கே அதன் அருமை விளங்கும்.

மூன்றாம் ஆண்டுப் படிப்பின்போது, வகுப்பு முடிந்து வெளியே வந்த என்னை ஆசிரியர் நிறுத்தி, "தம்பி, ஐயர் தம் வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தாரே, யார் அந்தத் தியாகராஜர்? பரீட்சைக்கு வராது, ஆனாலும் தேடிப் பார்" என்றார்.

திருவாரூர்ப் பெருமானாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் உடனே சொன்னேன். தஞ்சை நாட்டிற் பிறந்த சிவபக்தர் ஒருவர் தம் இல்லத்துக்கு அந்தப் பெயரை இடுவது இயல்புதானே. அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள், சென்னைக்கு அருகிலுள்ள திருவொற்றியூரிலும் தியாகராஜர் சந்நிதி உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அதே தலையசைப்புத்தான். பிறகு, ஐயருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர் என்பது நினைவுக்கு வரவே, திருவையாற்றுத் தியாகராஜ ஸ்வாமிகளே அவர் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பொழுது ஆசிரியர், "ஊகம் போதும்; நூலகத்துக்குப் போ" என்று மட்டும் சொன்னார்.

நூலகத்தில் அட்டெண்டராக இருந்தவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படியாதவர். ஆனால் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் எதற்கு அடுத்து இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவர் எடுத்துக் கொடுத்த 'என் சரித்திரம்' காடாத்துணி ஒட்டிக் கனமான அட்டை கட்டியிருந்தது. மைதாப் பசையின் வாசனை அதில் இன்னும் போகவில்லை. நடுவில் இரண்டு ஏடுகள் கிழிந்து போனமையால், வேறொரு பிரதியை இரவல் வாங்கி, அந்தப் பக்கங்களை நீலமையால் அச்செழுத்தைப் போலவே வட்ட வட்டமாக எழுதிச் சேர்த்திருந்தார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. யார் எழுதச் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "பக்கம் இல்லேன்னா படிக்கிற பிள்ளைக்குக் கதை அறுந்துபோவுமே தம்பி" என்றார். ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஒருவருடைய வரலாற்று நூலில் இப்படி ஒரு கையெழுத்துப் பகுதி அமைந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து 1950-இல் நூலுருவம் பெற்ற அந்தச் சரித்திரத்தில் நான் தேடியவர் இருந்தார். அவர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வித்துவான் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். அதனால் அதே ஆசிரியரிடம் பிற்காலத்திற் பாடம் கேட்ட ஐயருக்கு மூத்த சதீர்த்தர். பிள்ளையவர்கள் 1876-இல் மறைந்த பின்பு ஐயர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டும், மடத்து மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். 1880-ஆம் ஆண்டில், தேக அசௌக்கியத்தால் வேலையிலிருந்து விலக எண்ணிய செட்டியார், தம் இடத்துக்கு இருபத்தைந்து வயது நிரம்பும் தறுவாயிலிருந்த அந்த இளைஞரே தகுந்தவர் என்று தம் உள்ளத்தில் நிச்சயம் செய்துகொண்டு, அதை முடிப்பதற்காகத் தாமே திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரிடம் வாதாடினார். ஐயரைப் பிரிவதற்குத் தேசிகர் எளிதில் இசையவில்லை. செட்டியாரும் விடவில்லை. முடிவில் தேசிகர் மனமிசைந்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

கல்லூரித் தலைவராக அப்போது விளங்கிய கோபாலராவ், செட்டியாருடைய வாக்கை மதித்தார். ஆயினும் ஆசிரியர்கள் கூடியிருந்து ஐயரைப் பரீட்சித்துப் பார்க்கவும் செய்தார். அவர்களுடைய கேள்விகளுக்கெல்லாம் விடையளித்த பிறகே மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை உறுதியாயிற்று. ஒருவருடைய சிபாரிசையும் மதித்து, பொறுப்பையும் கைவிடாமல் அவர் நடந்துகொண்ட முறையைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கல்லூரியிடத்தில் எனக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

செட்டியாருடைய செயலை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் தாம் அமர்ந்து, தம் குரலால் நிறைத்து, தம் பெயரோடு ஒன்றாகிவிட்ட ஓர் ஆசனத்தை விட்டு எழுந்திருக்கும்போது, அதில் அடுத்து அமர்பவர் யாரென்று கவலைப்படாமல் போய்விடுகிறவர்களே உலகத்தில் பெரும்பாலோர். கவலைப்படுகிறவர்களிலும், தமக்கு வேண்டியவரை அமர்த்த முயல்வோர் பலர். நோயினால் தளர்ந்த உடம்போடு பிரயாணம் செய்து, தம்மினும் வயதிற் சிறியவரை அழைத்துவந்து அமர்த்திவிட்டு விலகுவதற்குப் பாடம் சொல்லும் திறமையோடு வேறொரு பெருந்தன்மையும் வேண்டும். அந்த ஆசனத்தைப் பெற்ற ஐயர் அந்த உதவியைத் தம் வாழ்நாள் முழுவதும் மறவாமல், பின்னாளில் தம்முடைய வீட்டுக்கே அவர் பெயரை இட்டார். செட்டியாருடைய சரித்திரத்தைத் தனி நூலாகவும் எழுதினார்.

இதனால் விளைந்த நன்மையைத் தமிழர் அறிவார்கள். ஐயர் கும்பகோணத்தில் வேலையேற்ற அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொல்ல, முதலியார் அவற்றால் திருப்தியடையாமல், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பயனாகச் சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. இவை அனைத்தும் கும்பகோணத்துக் கல்லூரியில் பகலில் வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியர், ஓய்ந்த நேரத்தில் செய்த வேலை. 1903-இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அவருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் கிடைத்த 1906-இல் வாழ்த்திப் பாடிய பாரதியாரோ, அவரைக் குடந்தை நகரத்துக்கு உரியவராகவே விளித்தார்.

அந்தக் கல்லூரியையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலால் ஒரு கோடை விடுமுறையிற் கும்பகோணம் போனேன். 1854-இல் பள்ளிக்கூடமாகத் தோன்றி 1867-இல் கல்லூரியான அது, காவிரிக் கரையில் மரங்களுக்கிடையே நின்றது. ஆற்றின்மேல் குறுகிய நடைபாலம். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. தலைவராயிருந்த போர்ட்டர் துரையின் பெயரால் ஊரார் ஒரு நகர மண்டபத்தை அமைத்திருந்ததும், கணித மேதை இராமானுஜன் 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு அங்கே சேர்ந்து பிற பாடங்களில் தேறாமல் அதை இழந்ததும் நான் முன்பே அறிந்தவை. ஆனால் பாலத்தின் நடுவில் நின்று வற்றிய ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் எண்ணியது வேறு. செட்டியார் விலகிய நாளில் வருகைப் புஸ்தகத்தில் ஒரு பெயரை அடித்து மறுபெயரை எழுதிய குமாஸ்தா யாரோ, பரீட்சை நடந்த அறையில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்ட சேவகர் யாரோ, மணியடித்தவர் யாரோ. எங்கள் நூலக அட்டெண்டர் நீலமையில் எழுதிய பக்கங்கள் இல்லாவிட்டால் நான் அந்தப் பாலத்துக்கே வந்திருக்க மாட்டேன் என்பதால், முகந்தெரியாத அவர்களையும் அந்த இடத்தில் மனத்தால் வணங்கினேன்.

ஊர் திரும்பியதும் ஆசிரியருக்கு எல்லாவற்றையும் விரிவாகக் கடிதம் எழுதினேன். அவர் அப்பொழுது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். தமக்குப் பின் யார் வருவார் என்பதைக் குறித்து நிர்வாகத்தாரிடம் நாலைந்து முறை நடந்தார் என்பது எனக்குப் பின்னாலேதான் தெரிந்தது. ஒரு வாரத்தில் தபால் கார்டில் பதில் வந்தது. "சரியாகக் கண்டுபிடித்தாய். இடத்தைக் கொடுத்தவர், அந்த இடத்துக்கு வந்தவர் செய்த காரியத்தைக் காண இருந்தாரா? ஆண்டுகளைப் பார்" என்று அதில் எழுதியிருந்தது.

நான் மறுபடியும் நூலகத்துக்குப் போனேன். அட்டெண்டர் கேட்காமலேயே அந்தக் காடாத்துணி அட்டைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிந்தாமணி வெளிவந்தது 1887. செட்டியார் காலமானது 1888. ஒரு கார்டு வாங்கி இரண்டு ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "இருந்தார், ஐயா" என்று முடித்து அன்றைத் தபாலிலேயே சேர்த்தேன்.