பல் கூசிய அந்திவேளை

மாசி பிறந்துவிட்டால் பென்னாகரம் பக்கத்து ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம்தான். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. வியாபாரி எடை போட்டு இறக்கிவிட்டுப் போன சரக்கு என்பதால் அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆயாவின் கட்டளை.

எனக்கு அப்போது ஐந்து வயது. ஆயா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கொட்டை எடுத்த புளியை உருட்டி உருட்டி வாயில் அடக்கிக்கொண்டேன். குடத்தோடு வந்தவள், "புளி தின்னியா?" என்றாள். "இல்ல ஆயா." வாயைத் துடைத்திருந்தேன். கையைப் பாவாடையில் தேய்த்திருந்தேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் மடியிலிருந்து ஒரு பிடி வறுத்த கடலை எடுத்து நீட்டினாள். எனக்கு உயிரான கடலை. ஒன்றைக் கடித்ததும் பல் கூசிக் கண்ணில் நீர் முட்டியது. மற்றதை மெல்லாமல் வாயிலேயே ஊறப் போட்டேன். ஆயா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பல்லு கூசுதா?"

தலையாட்டினேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். விழவில்லை. "கேட்டிருந்தா ரெண்டு சுளை நானே குடுத்திருப்பேனே. எடை கொறஞ்சா நம்ம கூலியிலதான் கழிப்பான், தெரியுமா?" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது.

பல வருடம் கழித்து, சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனைப் பற்றி 1877இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது ஆயாவின் திண்ணை கண்முன் வந்தது. இரண்டரை வயதைத் தாண்டிய அந்தப் பிள்ளை மேலாடையைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்தபடி சாப்பாட்டு அறையிலிருந்து வருகிறான். ஒன்றுமில்லை என்கிறான், அப்பாவைப் போகச் சொல்கிறான். விரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை. அங்கே ஊறுகாய், இங்கே புளி.

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ குழந்தைகளிடம் ஒரு பொம்மையை மறைத்து வைத்து, "எட்டிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பரிசோதித்தவர். எட்டிப் பார்த்த இரண்டு வயதுப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேர் பார்க்கவில்லை என்றார்கள். மூன்று வயதில் அது பாதி. நான்கு வயதுக்கு மேல் 80 சதவீதத்துக்கும் அதிகம். எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்று புரிய வேண்டும். நாக்கும் முகமும் சொன்னபடி கேட்க வேண்டும். இரண்டும் கூடி வந்தால்தான் பொய் வரும். அறிவு வளர்வதன் அடையாளம் அது. பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை.

முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று நாம் சொல்லிக்கொள்வதும் பெரும்பாலும் நடக்காது. 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் பார்த்தபோது, பொய் எது, மெய் எது என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 முறைதான். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். ஆயாவும் என் முகத்தைப் படிக்கவில்லை; புளி பல்லை என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும்.

அடித்தால் திருந்தும் என்பார்கள். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். பிரம்படி வழக்கமாக இருந்த பள்ளியின் சின்னஞ்சிறு பிள்ளைகள்தான் அதிகமாகவும் தேர்ச்சியாகவும் பொய் சொன்னார்கள். அடி, பொய்யை நிறுத்துவதில்லை. மாட்டிக்கொள்ளாமல் சொல்லப் பழக்குகிறது.

எல்லாப் பொய்யும் அடிக்குப் பயந்து வருவதில்லை. எங்கள் தெருவில் பல பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு ஏழு வயதுக்காரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேம்மா." எதிரே தட்டில் சோறு தொடாமல் காய்ந்துகொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்றது போன். போன ஞாயிறும் அதையேதான் சொன்னது. அம்மாவின் மனம் நோகாமல் பேச அவள் அம்மாவிடமே கற்றிருக்கிறாள்.

போனை வைத்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா ஞாபகமா?"

தலையாட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள்.