கைக்குள் அடங்கும் கார்: ஷிசுவோகாவும் மாடல் கைவினையும்

ஸ்கேல் மாடல் கார் என்பது ஓர் உண்மையான காரின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யும் உருவம். ஜப்பானிய நிறுவனங்கள் சாலைக் கார்களைப் பெரும்பாலும் 1/24 அளவிலும், ஃபார்முலா ஒன் கார்களை 1/20 அளவிலும் வெளியிடுகின்றன. அமெரிக்காவில் 1/25 வழக்கம். 4.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1/24 அளவில் 18.75 சென்டிமீட்டராகிறது. பொம்மைக் காரில் சக்கரம் தடித்திருக்கலாம், கூரை உயர்ந்திருக்கலாம். குழந்தை அதைப் பொருட்படுத்தாது. மாடலில் ஓர் அளவு அரை மில்லிமீட்டர் பிசகினாலும், அந்தக் காரை அறிந்தவர் கண்ணுக்கு அது தப்பாது.

உருவத்தைக் குறைப்பது வெறும் கணக்கு. பொருள்களைக் குறைக்க முடியாது என்பதில்தான் இந்தக் கைவினையின் சிக்கல் எல்லாம் இருக்கிறது. மாடலின் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் பெயின்ட் ஏறினால், உண்மைக் காரில் 2.4 மில்லிமீட்டர் பெயின்ட் பூசியதற்குச் சமம். நிஜக் காரின் கதவோரத்தில் உள்ள 4 மில்லிமீட்டர் இடுக்கு, மாடலில் 0.17 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இரண்டு கைப் பெயின்ட் அதிகமானால் இடுக்கே அடைபட்டுவிடும். மெட்டாலிக் பெயின்டில் மினுங்கும் 0.05 மில்லிமீட்டர்த் துகள், மாடலின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் பெரிய தகடாகத் தெரியும். பிளாஸ்டிக், பெயின்ட், உலோகத் தாள், ஒளி எதுவும் 24இல் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதிலேயே கழிகிறது.

டெட்ராய்டிலிருந்து ஷிசுவோகாவுக்கு

கார் மாடல் செய்வது முதலில் வேரூன்றிய இடம் கார்த் தொழில் செழித்திருந்த அமெரிக்கா. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்காக ஒரு கைவினைப் போட்டி நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியைச் சிறிதாகச் செய்யச் சொன்னார்கள். பின்னர் சொந்தக் கற்பனையில் ஒரு காரை வடிவமைத்துச் செய்வது போட்டியாயிற்று. பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார்.

1950களில் கார் விற்பனையாளர்கள் புதிய மாடல்களை விளம்பரப்படுத்த, அவற்றின் சிறு பிளாஸ்டிக் உருவங்களை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள். அவற்றைத் தயாரித்துவந்த ஏஎம்டி நிறுவனம் 1958இல் அதே அச்சுகளைக் கொண்டு, வீட்டிலேயே சேர்த்துச் செய்யும் கிட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியிலிருந்து கம்பெனி வடிவம், அலங்கரித்த வடிவம், பந்தய வடிவம் என்று மூன்றில் ஒன்றைச் செய்துகொள்ளலாம். விவரங்களை மாற்றுவதும் சேர்ப்பதும் கார் மாடலில் தொடக்கத்திலிருந்தே உண்டு என்பதற்கு இந்தப் பெட்டிகளே சான்று.

இன்று இத்தொழிலின் தலைநகர் ஜப்பானின் ஷிசுவோகா. டாமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கும் இந்தப் பகுதி நிறுவனங்கள். பண்டாயின் குண்டம் ரோபோ மாடல்களும் இங்கேதான் தயாராகின்றன. காரணம் மரம். டோகுகாவா ஆட்சிக்காலத்தில் கோயில் திருப்பணிகளுக்காக வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் இங்கேயே தங்கியதாகச் சொல்வார்கள். அவர்கள் வழிவந்த மரவேலைத் திறன் 20ஆம் நூற்றாண்டில் மர விமானம், மரக் கப்பல் மாடல்களுக்குக் கைகொடுத்தது. டாமியாவும் 1946இல் மரவாடியாகத் தொடங்கிய நிறுவனம்தான். மர மாடல்களுக்குப் போன பிறகு, 1960இல் யமாதோ போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாடலாக வெளியிட்டது. 1967இல் ஹோண்டாவின் ஆர்ஏ273 ஃபார்முலா ஒன் காரை 1/12 அளவில் செய்தது.

நுணுக்கத்துக்கு அந்த நிறுவனம் கொடுத்த விலைக்கு உதாரணமாக அடிக்கடி சொல்லப்படுவது போர்ஷே கதை. 1970களில் போர்ஷே 934 மாடலுக்காக, நிறுவனத்தை நடத்திவந்த ஷுன்சாகு டாமியா ஒரு போர்ஷே 911 காரையே வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து அளவெடுக்கச் செய்தார். 1976இல் அதே உடலமைப்பு ரேடியோ மூலம் இயக்கும் காராகவும் வந்து, நிறுவனத்துக்கு முற்றிலும் புதிய தொழிற்கிளையைத் திறந்துவிட்டது.

ஊரும் இதைப் பெருமையாகவே காட்டிக்கொள்கிறது. கிட்டில் உறுப்புகள் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் அதே அமைப்பில், ஆளுயரத்துக்குச் செய்த நினைவுச் சின்னங்கள் தெருக்களில் நிற்கின்றன. ஒன்றில் தபால் பெட்டியே ஓர் உறுப்பாகச் சட்டத்துக்குள் இருக்கிறது.

அச்சும் அதன் தழும்புகளும்

கிட் என்பது பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கில் வார்த்த உறுப்புகளின் தொகுதி. 200 டிகிரி செல்சியசுக்கும் மேல் உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். அது ஓடிய பாதைகள் இறுகிச் சட்டமாகின்றன; இதற்கு ரன்னர் என்று பெயர்.

இந்த முறையின் தழும்புகள் ஒவ்வோர் உறுப்பிலும் இருக்கும். அச்சின் பாதிகள் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு, உறுப்பை வெளியே தள்ளிய ஊசியின் வட்ட அடையாளம், கனமான பகுதி ஆறும்போது சுருங்கி விழுந்த பள்ளம் என மூன்றும் வழக்கமானவை. கார் உடலுக்கு மேலிருந்து கீழாகத் திறக்கும் அச்சு மட்டும் போதாது. பக்கவாட்டிலும் அச்சுகள் விலக வேண்டும். ஆகவே சந்திப்புக் கோடு மட்கார்டுகளின் மேலாகவும் மூலைகளிலும் ஓடுகிறது. பளபளப்பான பெயின்டின் கீழ் அந்தக் கோடு எளிதாகக் கண்ணில் படும்.

வேலை இங்கே தொடங்குகிறது. உறுப்பை நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, 400 முதல் 1000 வரையிலான எண் கொண்ட உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் மறுபடி தேய்ப்பது கார்ப் பட்டறையில் நடக்கும் அதே வேலை. கதவு, பானெட் இடுக்குகளைக் கூர்மையான கீறுளியால் ஆழப்படுத்துவதும் இந்தக் கட்டத்தில்தான். பெயின்ட் ஏறி மேடாகப்போகும் கனத்துக்கு முன்கூட்டியே இடம் விடும் ஏற்பாடு இது.

மாடல் பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம் அது. இரண்டு உறுப்புகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் திரவம் தானே உள்ளே ஓடி, இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். கண்ணாடி உறுப்புகளுக்கு இது ஆகாது. சூப்பர் குளூவும் ஆகாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். அவற்றுக்கு நீரில் கரையும் வெள்ளைப் பசையே பாதுகாப்பு.

பெயின்ட்

போர் விமானமோ டாங்கியோ மங்கல் நிறத்தில் சிறு குறைகளை மறைத்துக்கொள்ளும். கார் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டியிருப்பதால் எதையும் மறைக்காது. கார் மாடல் செய்பவர்கள் மதிக்கப்படுவதும் தோற்பதும் பெயின்டில்தான்.

முதலில் பிரைமர். அது தேய்ப்பில் விட்டுப்போன கீறல்களைக் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே சாம்பல் நிறப் பிரைமரைப் பலரும் விரும்புகிறார்கள். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த உடலின்மேல் வெள்ளை அடித்தால், சாயம் கசிந்து வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். இடையில் ஒரு தடுப்புப் பூச்சு வேண்டும். மஞ்சளும் சிவப்பும் அடியில் உள்ள நிறத்தை மறைக்கும் வலு இல்லாதவை. அவற்றுக்கு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு அடிப்பூச்சு தேவை.

நிறத்தை ஸ்பிரே டப்பாவாலோ ஏர்பிரஷாலோ அடிக்கலாம். ஏர்பிரஷின் துவாரம் பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர். தின்னர் கலந்து நீர்க்கவைத்த பெயின்டைக் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய படலங்களாக ஏற்றுகிறார்கள். அதிகம் ஊற்றினால் வழியும். வறண்டு விழுந்தால் பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் வகைப் பெயின்ட் வெளுத்துப்போகும் என்பதால், மழைநாளில் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுவது உண்டு. மெட்டாலிக் நிறங்களுக்கு, துகள் மிக நுண்ணியதாக அரைக்கப்பட்ட மாடல் பெயின்டையே தேர்கிறார்கள். தின்னர் ஆவி தலையைப் பாதிக்கும். சன்னலுக்கு வெளியே காற்றை இழுத்துத் தள்ளும் பெட்டியும் முகமூடியும் கட்டாயம்.

பந்தயக் கார்களின் எண்களும் விளம்பரங்களும் டீகால் எனப்படும் ஒட்டுப்படங்களாக வருகின்றன. தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி வைத்து, வளைவுகளில் படிய மென்மையாக்கும் திரவம் தடவுகிறார்கள். அதன்மேல் கிளியர் எனப்படும் நிறமற்ற பூச்சை அடிக்கும்போது முதல் சில கைகள் வெறும் தூவலாக இருக்க வேண்டும். ஈரமாக அடித்தால் லாக்கர் டீகாலைச் சுருக்கிவிடும். கிளியர் நன்றாக இறுகியதற்கு, முகர்ந்தால் தின்னர் வாடை வரக்கூடாது என்பது கைப்பழக்கச் சோதனை. பிறகு 2000க்கும் மேற்பட்ட எண் கொண்ட நுண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மூன்று தரக் காம்பவுண்டுகளால் பாலிஷ் போடுகிறார்கள். விளிம்புகளில் படலம் மெலிந்திருக்கும்; அங்கே ஓர் இழுப்பு கூடினாலும் நிறம் தேய்ந்து பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும்.

கடைசியாக, கதவு இடுக்குகளில் நீர்த்த எனாமல் பெயின்டை ஓடவிட்டு நிழல் உண்டாக்குகிறார்கள். எனாமல் தின்னர் காய்ந்த லாக்கரைக் கரைக்காது என்பதால், வெளியே வழிந்ததைத் துடைத்துவிடலாம். இடுக்கின் நிறம் முழுக் கறுப்பாக இருந்தால் வரைந்த கோடாகத் தெரியும். உடலின் நிறத்தையே கருமையாக்கினால் உண்மையான ஆழம் கிடைக்கும்.

விவரங்கள் சேர்த்தல்

பெட்டியில் உள்ளதை மட்டும் கொண்டு செய்வது ஒரு மரபு. பெட்டியில் இல்லாததைச் சேர்ப்பது இன்னொன்று. இங்கே கணக்கு மறுபடி துணைக்கு வருகிறது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒயர் சுமார் 7 மில்லிமீட்டர். மாடலில் அது 0.3 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக் கம்பியைத் தேடி, ஒவ்வொரு முனையையும் எஞ்சினின் எரிவரிசைப்படி உரிய சிலிண்டருக்கு இழுப்பவர்கள் உண்டு. சீட் பெல்ட் 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் மாடலில் 2 மில்லிமீட்டர் நாடா. அதன் பக்கிள், அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய உலோகத் தகட்டிலிருந்து வருகிறது. தரைவிரிப்புக்கு, ஈரமான பெயின்டின்மேல் நுண்ணிய இழைத் தூளைத் தூவுகிறார்கள்.

குரோம் தனிக் கலை. கிட்டுகளில் வரும் குரோம் முலாம் கனமாகவும் மிகையாகவும் மின்னும். பலர் அதை பிளீச்சில் ஊறவைத்து நீக்கிவிட்டு, பளபளக்கும் கறுப்பை அடித்து, அதன்மேல் உலோகப் பெயின்டை மூச்சுவிடும் அளவுக்கு மெல்லியதாகத் தூவுகிறார்கள். சன்னல் ஓரப் பட்டைகளுக்குப் பின்புறம் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய உலோகத் தாளை அழுத்தித் தேய்த்து, புதிய பிளேடால் ஓரத்தை வெட்டுகிறார்கள்.

வண்டி நிற்கும் விதம் இவற்றைவிட முக்கியம். நான்கு சக்கரங்களும் தரையைத் தொடுகின்றனவா, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி சரிதானா என்பதை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். எத்தனை நுணுக்கம் இருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் எடை இல்லாத பொருள் என்பது தெரிந்துவிடும்.

கண்காட்சி மேசையில்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஷிசுவோகாவின் ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஹாபி ஷோ நடக்கிறது. தொடக்க நாட்கள் வணிகர்களுக்கு. வாரக் கடைசி பொதுமக்களுக்கு. நிறுவனங்களின் புதிய வெளியீடுகளோடு, 1990 முதல் மாடல் செய்வோர் சங்கங்களின் கூட்டுக் கண்காட்சியும் சேர்ந்து நடைபெறுகிறது. இந்தப் பகுதியில்தான் கைவினையின் உண்மையான நிலை தெரியும்.

நீண்ட மேசைகளில் சங்கம் சங்கமாகப் பெயரட்டைகள். பின்னால் செய்தவர்களே அமர்ந்திருக்கிறார்கள். விலை கேட்பவர் இல்லை. பார்வையாளர் குனிந்து கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவருகிறார். உண்மைக் காரைத் தெருவில் பார்க்கும் கோணம் அது. பேச்சும் அங்கிருந்து தொடங்குகிறது: எந்தப் பெயின்ட், எந்தக் கிட், விளக்குக் கண்ணாடி எப்படி. ரகசியம் காப்பது இங்கே வழக்கமில்லை. கேட்டால் கலவை விகிதம் வரை சொல்கிறார்கள். அமெரிக்காவில் என்என்எல் எனப்படும் கூடுகைகளிலும் நடுவர் குழு கிடையாது; வந்தவர்களே பிடித்ததற்கு வாக்களிக்கிறார்கள். இதற்கு மாறாக, 1963இல் பிரிட்டனில் தோன்றிய ஐபிஎம்எஸ் என்ற மாடல் செய்வோர் சங்கத்தின் வழியிலான போட்டிகளில் நடுவர்கள் முதலில் அடிப்படைகளைப் பார்க்கிறார்கள்: ஒட்டுக்கோடு, நேர்நிலை, பெயின்ட். கூடுதல் விவரங்கள் அதற்குப் பிறகே கணக்கில் வரும்.

கிட் எதுவுமே இல்லாமல் செய்பவர்கள் இந்தக் கைவினையின் உச்சி. பிரிட்டனின் ஜெரால்ட் விங்ரோவ் பழைய டூசன்பெர்க் போன்ற கார்களைப் பித்தளை முதலான உலோகங்களில் கையால் செய்தார். தம் முறைகளை நூல்களாகவும் எழுதிவைத்தார். கிட் இல்லாமல் செய்வதன் எல்லையை இன்று ரெசின் 3டி பிரிண்டர் மாற்றிவருகிறது. 0.05 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள அடுக்குகளில், வீட்டு மேசையிலேயே எஞ்சினும் இருக்கையும் சக்கரமும் அச்சாகின்றன. ஆனால் கணினியில் உருவத்தை வரைய, காரின் அமைப்பை முன்போலவே அறிந்திருக்க வேண்டும். அடுக்குக் கோடுகளைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் ஏற்றும் வேலையும் அப்படியே இருக்கிறது.

பாதுகாத்தல்

முடிந்த மாடலுக்குப் பகை வெயில், வெப்பம், தூசி மூன்றும். புற ஊதாக் கதிர் டீகாலையும் கிளியரையும் மஞ்சளாக்கும். மூடிய காருக்குள் வைத்தால் வெப்பத்தில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். சில மென்ரக டயர்களில் உள்ள எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் சக்கரத்தின் பிளாஸ்டிக்கை அரிக்கும். இரண்டுக்கும் இடையே படலமொன்று பூசுவது இதைத் தடுக்கிறது. தூசியைத் துணியால் துடைத்தால் வைப்பரும் கண்ணாடியும் முதலில் உடையும். அக்ரிலிக் பெட்டிக்குள் நிழலில் வைப்பதும், தூசி படிந்தால் மென்மையான தூரிகையால் மட்டும் நீக்குவதுமே போதுமான பராமரிப்பு.