சரியான பயிற்சியாளர்

யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட்டில் உடற்பயிற்சி செய்ய இடத்துக்கா பஞ்சம்? கண்டோஜி ஏரிக்கரை இருக்கிறது. 1961-லும் 1969-லும் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆங்சான் மைதானம் இருக்கிறது. நம் உடம்பைப் புரிந்து சொல்லித்தருகிற ஆள் கிடைப்பதுதான் அரிது.

எனக்கு ஒருவர் கிடைத்துவிட்டார். முதல் நாள் வெயிட்டைத் தொடவே விடவில்லை. பிரஷர், சுகர், பழைய முதுகுவலி, தூக்கம் எல்லாம் விசாரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தரையைவிட்டுக் கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்தார். “அவசரமே வேண்டாண்ணே, மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திருங்க.” அந்த அக்கறைக்கே காசு கொடுக்கலாம்.

ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துத் தருகிறேன் என்பவரிடமும், முதல் நாளே பவுடர் டப்பாவை நீட்டுபவரிடமும் தயவுசெய்து போகாதீர்கள். வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைப்பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவ்வளவுதான்.

உடற்பயிற்சிக்கு ஊக்கம் வேண்டுமா? 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் இந்திய அணிக்காக எடை தூக்கிய ஸோ வெய்க் இந்தப் பர்மா மண்ணுக்காரர். இளைஞர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சேர்ந்தே நடப்போம்.