அத்தையின் அல்புமின்

எங்கள் தோட்டத்தில் 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு யாரும் டிரெஸ்ஸரைப் பார்க்கப் போனதில்லை. தலை கனக்குது, நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் அசதி, சோறு இறங்கல. இப்படித்தான் சொல்வார்கள். அவர் ஒரு பாட்டில் மருந்து கொடுப்பார். அதிலும் கேட்காவிட்டால் கோவிலில் விபூதி. கோலா பிலாவுக்கும் பகாவுக்கும் நடுவில் பால்மரம் வெட்டிய தலைமுறை அப்படித்தான் பேசிப் பழகியது. மனதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் உடம்பைத்தான் துணைக்கு அழைக்கும்.

நான் வானொலி அறிவிப்பாளன். மருத்துவர் யாராவது நிகழ்ச்சிக்கு வந்துவிட்டுப் போனால் அடுத்த இரண்டு நாள் புலனத்தில் குரல் பதிவுகள் குவியும். அண்மையில் ஒரே செய்தியைப் பலர் அனுப்பி, 'தம்பி, இது உண்மையா?' என்று கேட்டிருந்தார்கள். ரத்தத்தில் அல்புமின் குறைந்தால் மனநோய் வருமாம். தினமும் 2 முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டால் கவலையெல்லாம் பறந்துவிடுமாம். வேறு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டு அழித்திருப்பேன். அப்போது என் கைப்பேசியிலேயே அத்தையின் ரத்தப் பரிசோதனைத் தாள் படமாக இருந்தது. அல்புமின் 31. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

அத்தை என் அப்பாவின் தங்கை. வயது 61. ஜுவாசே பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வயதில் கத்தி பிடித்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், லயத்தை விட்டு டவுன் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடும்பம் நகர்ந்தது. மாமா தவறியபின் பேச்சு குறைந்தது. காலையில் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சோற்றில் ரசத்தை ஊற்றி நாலு வாய், அவ்வளவுதான். பிறகு கால் வீங்கியது.

தாளைப் பார்த்ததும் மச்சான்கள் இருவரும் இரண்டு கட்சி ஆனார்கள். பெரிய மச்சானுக்கு ஒரே நிம்மதி. "ரத்தத்துலதான் கோளாறு. அம்மாவுக்கு வேற ஒன்னும் இல்ல. பைத்தியம் கியித்தியம்னு யாரும் பேசாதீங்க." சின்ன மச்சான் புலனச் செய்தியைப் படித்தவர். "எல்லாம் யோசனையாலதான். நாலு நாள் போர்ட்டிக்சன் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா ஏறிடும். டாக்டர் எதுக்கு?" இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் போய் நின்றன. அத்தையை யாரும் எங்கும் அழைத்துப் போக வேண்டியதில்லை.

அல்புமின் என்றால் என்ன? ரத்தத்தின் நீர்ப்பகுதியில் அதிகமாக இருக்கும் புரதம். கல்லீரல் ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை தயாரிக்கிறது. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 50 கிராம் இருப்பது வழக்கம். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது குறைந்தால் கால் வீங்குவது அதனால்தான். இன்னொரு வேலை சுமை தூக்குவது. கொழுப்பு அமிலங்கள், சில ஹார்மோன்கள், பல மருந்துகள் அதன் முதுகில்தான் பயணம் செய்கின்றன. மூளை செரோடோனின் தயாரிக்கத் தேவையான டிரிப்டோஃபேனும் பெரும்பகுதி அதோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் சுற்றுகிறது.

ஆக, புலனச் செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கவே செய்கிறது. 1990களில் பெல்ஜிய மனநல மருத்துவர் மைக்கேல் மேஸும் அவர் குழுவினரும் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தில் அல்புமின் சற்றுக் குறைந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். மனச்சிதைவு உள்ளவர்களிடமும் இதைப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. காரணமாகச் சொல்லப்படுவது அழற்சி. உடம்பு ஏதோ ஓர் எதிரியோடு மல்லுக்கட்டுவதாக எண்ணிக்கொண்டால், இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் போர்க்காலப் புரதங்களைக் கூட்டி, அல்புமினைக் குறைக்கிறது. நீண்டநாள் மனச்சோர்வில் இந்த அழற்சி சிலருக்கு மெல்லிய அளவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பசி போய்ச் சாப்பாடு குறைவதும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் 'சற்று' என்ற சொல்லைத்தான் செய்தி அனுப்பியவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் இயல்பான அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். ஒருவரின் தாளை வைத்துக்கொண்டு இவருக்கு மனச்சோர்வு உண்டு, அவருக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. படுத்திருந்தவர் எழுந்து கொஞ்ச நேரம் நின்றாலே எண் ஏறும். திடீர்ப் பதற்றத்தில் ரத்தத்தின் நீர் குறைந்து, சிறிது நேரம் கூடுதலாகவும் காட்டும். 31 போன்ற ஓர் எண் வந்தால் வெறும் கவலை என்று ஒதுக்கக்கூடாது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்கரு நல்ல உணவுதான். அழற்சியை நிறுத்தவோ சிறுநீரகத்தின் ஓட்டையை அடைக்கவோ அதனால் ஆகாது.

இந்தத் தோட்டங்களுக்கு இது புதுக்கதையும் அல்ல. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு ஒன்று, சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவரோடு, மலாயாவிலும் ஜாவாவிலும் ஃபிஜியிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து குடலில் தங்கி ரத்தம் குடிக்கும் புழு அது. ரத்தத்தோடு இரும்புச் சத்தும் புரதமும் போகும். முகம் ஊதும், கால் வீங்கும், வேலையில் கை ஓடாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதற்குச் 'சோம்பேறிக் கிருமி' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நோயை நோயாகப் பார்க்காமல் குணமாகப் பார்ப்பது அன்றைக்கும் இருந்தது. இன்று புழு முன்போல் இல்லை. ஆனாலும் 'சும்மா படுத்தே கிடக்கறாங்க' என்ற அதே வார்த்தையை அத்தையைப் பற்றி நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்டேன்.

மச்சான்களோடு வாதாடிப் பயனில்லை என்று, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, புக்கிட் புத்துஸ் ஏறி இறங்கி வந்து நானே அத்தையை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். பதிவுக்கு 1 ரிங்கிட். மருத்துவர் முதலில் சிறுநீரைக் கேட்டார். அத்தைக்குப் பத்தாண்டாக இனிப்புநீர். சிறுநீரில் புரதம் ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிய மச்சான் சொன்னது பாதி சரி.

மீதிப் பாதிக்கு ஊசி தேவைப்படவில்லை. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒரு தமிழ்த் தாதி வாய்விட்டுப் படித்தார். எட்டுக்கும் அத்தை டக்கென்று பதில் சொன்னார். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்ற ஒன்பதாவதுக்குச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். தாதி என்னைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய இருங்கண்ணே" என்றார். இருபது நிமிடம். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. நாட்டில் இனிப்புநீர் அதிகம் உள்ளது நம் இந்தியர்களிடம்தான். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மனச்சோர்வு உள்ளவர்கள் 4.6 விழுக்காடு, ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019இல் அது 2.3 விழுக்காடு. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் நாலு மணிக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கலாம். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது.

அத்தைக்குச் சிறுநீரகத்துக்கு ஒரு மாத்திரை, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, இனிப்புநீர் மருந்தில் மாற்றம். இரண்டாவது மாதம் பக்கத்து வீட்டு அக்காவோடு சந்தைக்குப் போய்விட்டு, கீரை விலையைப் பற்றி எனக்குப் போன் போட்டு அரைமணி நேரம் ஏசினார். அந்த வாரத்துத் தாளில் அல்புமின் 32. எண் நகரவே இல்லை, ஆள் நகர்ந்துவிட்டார். சிறுநீரகம் கொஞ்சம் அடங்கி 36 வந்தது ஐந்தாவது மாதத்தில்தான். அதே நேரம் மாமாவின் திதி வந்ததால் அத்தை மறுபடி பத்து நாள் படுக்கையில். அப்போதும் எண் நன்றாகவே இருந்தது.

பெரிய மச்சான் 36ஐப் பார்த்துவிட்டு, "அதான் ஏறிடுச்சே, அந்த மனசு மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டார். மருத்துவர் முடியாது என்றார். அடுத்த முறை இருவரும் சேர்ந்தே வரச் சொல்லியிருக்கிறார். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு, ஒன்பது கேள்வியும் உண்டு.