கணினி கேட்ட கேள்விகள்

இன்று உங்கள் கையிலுள்ள கருவிகள் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் தாமே சமாளித்துக்கொள்கின்றன. பழைய வீட்டுக் கணினிகளோ வேலையை நிறுத்திவிட்டு நம்மிடம் கேள்வி கேட்டன. டாஸ் இயங்கிய கணினியில் பிளாப்பி வட்டைச் செருகாமல் அதனைப் படிக்கச் சொன்னால், கைவிடுவதா, மீண்டும் முயல்வதா, தோல்வியென ஏற்பதா என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்கள் திரையில் தோன்றும். வட்டைச் செருகி 'ஆர்' எழுத்தை அழுத்தினால் வேலை தொடரும். 'ஏ' எழுத்தை அழுத்தினால் நிரலே முடிந்துவிடும். சேமியாத எழுத்தெல்லாம் அதனோடு போகும்.

இக்கேள்விகளை வீட்டில் மொழிபெயர்ப்பது என் பணி. யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியராக இருந்த என் தந்தையார், பொருள் விளங்காமல் எந்த விசையையும் தொடமாட்டார்.

1996 இல் இலண்டனில் நண்பரொருவர் தந்த பழைய கணினியில் அவர் பாமினி எழுத்துருவைக் கொண்டு தமிழ்ப்பள்ளி வினாத்தாள் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். திடீரென ஒரு பெட்டி தோன்றியது. விண்டோஸ் 95 பயன்படுத்திய பலர் அதனைக் கண்டிருப்பர்: இந்நிரல் சட்டவிரோதமான செயலொன்றைச் செய்துள்ளது, ஆதலால் மூடப்படும்.

எங்கள் புகலிட விண்ணப்பத்திற்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. 'சட்டவிரோதம்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் தந்தையாருக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கும். கையை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இது ஆரைச் சொல்லுது?"

நிரலைத்தான் என்றேன். பாதி வினாத்தாள் அழியப்போவதைப் பற்றி அவர் கேட்கவில்லை. இச்செய்தி வேறு எங்கேனும் போகுமோ என்றுதான் கேட்டார். மூடுவதற்குமுன் விவரம் காட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னார். எண்களும் எழுத்துகளும் கலந்த வரிகள் விரிந்தன. அவற்றில் தம் பெயரோ முகவரியோ உள்ளதா என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

உண்மையில் அங்கே எந்த நாட்டின் சட்டமும் இல்லை. தனக்கு ஒதுக்கப்படாத நினைவகப் பகுதியை ஒரு நிரல் தொட முயன்றாலோ, மையச் செயலி அறியாத கட்டளையை இட்டாலோ, இயக்க முறைமை அதனை நிறுத்திவிடும். பொறியாளர் தமக்குள் வழங்கிய குழூஉக்குறி அது. அதனை அப்படியே பொதுமக்களின் வீட்டுக்குள் அனுப்பியது எனக்கு இன்றும் உடன்பாடன்று. அன்று இவ்விளக்கம் எனக்கும் தெரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன சொல்லித் தேற்றுவது? நெடுநேரம் அப்பெட்டியை மூடாமலே இருவரும் இருந்தோம்.

2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இவ்வறிவிப்பின் வாசகம் மாறிற்று. நிரல் ஒரு சிக்கலைச் சந்தித்தமையால் மூடவேண்டியுள்ளது, இடையூறுக்கு வருந்துகிறோம் என்று அது கூறியது. எங்களுக்கு அப்போது வதிவிட உரிமை கிடைத்திருந்தது. புதிய வாசகத்தைத் தந்தையாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"வருந்துகினமோ? வடிவாய்ப் பார்த்துச் சொல்லு, தம்பி" என்றார்.