கிணற்றுக்குள் இருந்த சூடு

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்கள் எங்கள் மலையில் நிறையப் பேர் இருப்பார்கள். புல்லின் மேல் உப்பைத் தூவினாற்போல உறைபனி கிடக்கும். குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். ஆனால் அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். கிணற்று வாயிலிருந்து லேசாக ஆவி எழும்பும். "அடியில் யாராவது அடுப்பு மூட்டியிருக்காங்களா தாத்தா?" என்று என் பேத்தி ஒரு முறை கேட்டாள்.

அடுப்பு எதுவும் இல்லை. எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் ஜனவரி விடியலில் வெளிக்காற்று 2 டிகிரி வரை இறங்குகிறது. அன்றைக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் 16 டிகிரிதான். மே மாத நண்பகலில் பார்த்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆண்டு முழுவதும் வெயிலையும் குளிரையும் வாங்கிச் சராசரியாக வைத்துக்கொள்வது பூமியின் குணம். தண்ணீர் மாறுவதில்லை, நம் கைதான் மாறுகிறது.

இந்த 16 டிகிரித் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துக் குளிக்கவும், படுக்கையறையைக் கதகதப்பாக வைக்கவும் ஒரு ஏற்பாடு செய்தேன். இங்கிலீஷில் அதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். நேரில் பார்த்துவிட்டுப் போன இரண்டு மூன்று நண்பர்கள் விவரமாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில், ஏன் என்று சொல்ல வேண்டும். என் மனைவிக்குக் கை விரல் மூட்டுகளில் வாதம். குளிர் காலத்தில் காலையில் ஒரு டம்ளரைப் பிடிக்கவே சிரமப்படுவாள். வெந்நீர் பாய்லருக்குச் சீகை விறகு எரித்தால் அந்தப் புகை அவளுக்கு ஆகவில்லை. கீசரும் ரூம் ஹீட்டரும் வைத்தோம். இரண்டு மாதத்துக்கு அவை இரண்டுக்கும் மட்டும் 420 யூனிட் ஆனது. வீட்டின் மற்ற செலவு 150. நம் ஊர் மின் கட்டணம் உங்களுக்குத் தெரியும்: 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண வரிசையே மாறிவிடும். ஓய்வூதியக்காரன் ஒவ்வொரு குளிர் காலத்திலும் அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், "பேசாமல் ரெண்டு பேரும் கீழே வந்துடுங்கப்பா" என்றான். டாக்டரும் அதையே சொன்னார். அவள் மட்டும், "நாப்பது வருஷம் இருந்த வீடுங்க. ஒரு குளிருக்குப் பயந்தா போறது?" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் குளிர் அறைகளைப் பராமரிப்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. குளிர் அறை என்றால் குளிரை உண்டாக்கும் இடம் என்றுதான் வெளியில் நினைப்பார்கள். உள்ளே வேலை பார்த்தவனுக்குத் தெரியும், அங்கே நடப்பது சுமை தூக்கும் வேலை. உள்ளே இருக்கும் சூட்டைத் தூக்கி வெளியே கொட்டுகிறோம், அவ்வளவுதான். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்னாலோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே வைத்த பாலிலும் காய்கறியிலும் இருந்த சூடும், கம்ப்ரஸர் தின்ற மின்சாரமும் சேர்ந்து அங்கே வெளியேறுகின்றன. அப்படிக் கொட்டுகிற சூட்டை வீணாக்காமல் பிடித்துக்கொண்டால் அதுதான் ஹீட் பம்ப்.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. 1852-லேயே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், இப்படி ஒரு யந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்க முடியும் என்று எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938 முதல் லிம்மாத் ஆற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைக் கொண்டு கதகதப்பாக வைத்தார்கள். இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஜான் சம்னர் என்ற மின் பொறியாளர், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே பழைய சாமான்களைச் சேர்த்து, வென்சம் ஆற்றிலிருந்து சூடு எடுத்துத் தன் அலுவலகக் கட்டடத்தைச் சூடாக்கினார். பழைய சாமான் என்ற இடத்தில் எனக்குத் தைரியம் வந்தது.

கடையில் விற்கும் ஹீட் பம்ப்புகள் பெரும்பாலும் காற்றிலிருந்து சூடு எடுப்பவை. சமவெளியில் அவை நன்றாக வேலை செய்யும். இங்கே நமக்குச் சூடு அதிகம் தேவைப்படும் விடியலில்தான் காற்றில் சூடு மிகக் குறைவு. சுருளின் மேல் பனி படிந்து, அதை உருக்கவே பாதி நேரம் போய்விடும். கிணறு அப்படி இல்லை. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அதே 16 டிகிரியைக் கொடுக்கும். மேலே ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தால் கூலியும் குறையும். ஹீட் பம்ப்புக்கும் இதுதான் கணக்கு.

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் 1 டன் ஜன்னல் ஏ.சி. ஒன்றை வாங்கினேன். பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "ஊட்டிக்கு ஏ.சி.யா சார்?" என்று சிரித்தார். அதிலிருந்து எனக்கு வேண்டியது கம்ப்ரஸர் மட்டும்தான். காற்றுக்கான இரண்டு சுருள்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீல் தகடுகளை அடுக்கி ஒட்டிய இரண்டு வெப்பமாற்றிகளை வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு தடிப் புத்தகம் அளவுதான். தகடுகளுக்கு இடையே ஒரு வழியில் கேஸ் ஓடும், அடுத்த வழியில் தண்ணீர் ஓடும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கை மாறும்.

கிணற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து நேராக அந்தத் தகடுகளுக்குள் விட்டுத் திருப்பிக் கிணற்றிலேயே விடுவதுதான் சுலபமான வழி. ஆனால் எங்கள் கிணறு நான்கு வீட்டுக்குப் பொது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். இன்றைக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்பார். விஷயத்தைக் கேள்விப்பட்டு வேலி ஓரமாக வந்து நின்றார்.

"ஏன் தம்பி, அந்தக் கேஸு தண்ணியில கலந்துட்டா என்ன பண்ணுவ?"

"கலக்காது பெரியம்மா."

"கலக்காதுன்னு நீ சொல்ற. தகடு ஓட்டையாவாதா?"

என்றைக்காவது ஒரு நாள் ஓட்டை ஆகலாம். எண்ணெயோடு கேஸ் வெளியேறினால் நான்கு வீட்டுத் தண்ணீரும் கெடும். படித்தவர்கள் பலரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார். என் வீட்டுக் கதகதப்புக்காக அவர் குடிக்கும் தண்ணீரைப் பணயம் வைப்பதில் நியாயம் இல்லை. அதனால் கிணற்றுத் தண்ணீர் கிணற்றை விட்டு வெளியே வராமல், அதன் சூடு மட்டும் வருகிற மாதிரி அமைப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு 100 மீட்டர் கறுப்பு ஹெச்.டி.பி.இ. பைப் ஒரு சுருள் வாங்கினேன். அடுக்குகளுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுக் கட்டினேன். அந்தப் பைப் மிதக்கக் கூடியது, அதனால் கீழே கருங்கல் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். பைப்புக்குள் இருப்பது தனித் தண்ணீர். ஒரு சின்ன பம்ப் அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டும். குளிர்ந்து கிணற்றுக்குள் போகும், சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரும், தகட்டில் இறக்கி வைக்கும், மறுபடி போகும். தகடு ஓட்டையானாலும் கேஸ் அந்தப் பைப்புக்குள் நிற்குமே தவிர, கிணற்றுக்குப் போகாது. சேறு அடைக்கும் தொல்லையும் இல்லை. பைப்புச் சுவரைத் தாண்டிச் சூடு வருவதில் சில டிகிரி நஷ்டம். அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம்.

மறுபக்கம் 300 லிட்டர் ஸ்டீல் டேங்க் ஒன்று, கண்ணாடிப் பஞ்சு சுற்றியது. அதில் உள்ள தண்ணீரையும் யாரும் தொடுவதில்லை. அது சூட்டைச் சேர்த்து வைக்கும் உண்டியல். டேங்கின் உள்ளே 15 மீட்டர் செம்புக் குழாய்ச் சுருள் மூழ்கியிருக்கிறது. குளிக்கிற தண்ணீர் அதற்குள் ஓடிக் குழாய்க்கு வரும்போது 40 டிகிரி ஆகிவிடும். படுக்கையறையில் ஒரு பழைய அம்பாசடர் கார் ரேடியேட்டரைச் சுவரோரம் நிறுத்தி, பின்னால் சின்ன மின்விசிறி வைத்தேன். இரவு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை டேங்க் தண்ணீர் அதன் வழியே சுற்றி வரும். பார்க்க அழகாக இல்லை. மனைவி அதன் மேல் ஒரு துணியைத் தைத்துப் போட்டுவிட்டாள், காற்று வர முன்பக்கம் மட்டும் திறந்திருக்கிறது.

செம்புக் குழாயைப் பற்றவைப்பது, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுப்பது, கேஸ் நிரப்புவது ஆகிய மூன்றையும் குன்னூரில் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக் தம்பி செய்தார். எனக்கு இந்தத் தொழில் தெரியும். ஆனாலும் அதற்குரிய கருவிகள் அவரிடம்தான் இருந்தன. பழைய ஏ.சி.யில் இருப்பது ஆர்-22 என்ற கேஸ், வெளியே விட்டால் ஓசோன் படலத்துக்குக் கேடு. அதைச் சிலிண்டரில் பிடித்துத்தான் வேலையைத் தொடங்கினார். டேங்க் 50 டிகிரிக்கு வரும்போது கேஸின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டை ஒட்டிப் போகும். விளையாட்டு இல்லை. ஆகவே அழுத்தம் மீறினால் தானே நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று வைத்தோம். கிணற்றுப் பைப்பில் ஓட்டம் நின்றால் தகட்டுக்குள் தண்ணீர் உறைந்து தகடே பிளந்துவிடும், அதற்கு ஒரு ஸ்விட்ச். எர்த், இ.எல்.சி.பி., ஸ்டெபிலைசர் எல்லாம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் போட்டார். மற்ற வேலைகள் முழுவதும் நானும் என் ஸ்பேனர் பெட்டியும்.

இப்போது கணக்கு. டேங்க் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற 7 யூனிட் அளவு சூடு வேண்டும். ஹீட்டர் என்றால் 7 யூனிட் மின்சாரம். இந்த யந்திரம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது, பம்ப்புகளையும் சேர்த்து இரண்டரை யூனிட் எடுக்கிறது. மீதி நாலரை யூனிட்டைக் கிணறு கொடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆன இடத்தில் 150 யூனிட். வீட்டுச் செலவையும் சேர்த்தால் 300. அந்த 500 கோட்டுப் பக்கமே போவதில்லை. மொத்தச் செலவு 52,000 ரூபாய். பகலில் ஓட்டிச் சேர்த்து வைத்துக்கொள்வதால் கம்ப்ரஸர் சத்தமும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கிணறு குளிர்ந்துவிடுமா என்று பெரியம்மா மட்டுமல்ல, நானும் யோசித்தேன். எட்டடி விட்டம், பத்தடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 14,000 லிட்டர். ஒரு தடவை ஓட்டினால் கணக்குப்படி கால் டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இறங்க வேண்டும். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி ஒரு குளிர் காலம் முழுக்கத் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதினேன். ஜனவரிக் கடைசியில் மிகக் குறைவாக 15 டிகிரி. மார்ச்சில் மறுபடி 16. ஊற்றும் சுற்றியுள்ள மண்ணும் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நோட்டைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "அடுத்த வருஷமும் எழுது" என்று சொல்லிக் கொடுத்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யாரெல்லாம் இதைச் செய்யலாம்? வற்றாத கிணறு இருக்க வேண்டும், குளிரும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த இடம் தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி சில இடங்கள்தான். சமவெளியில் இருப்பவர்களுக்குக் கூரையில் ஒரு சோலார் ஹீட்டரே போதும், இவ்வளவு பாடு வேண்டாம். கேஸ் வேலையும் கரண்ட் வேலையும் தெரியாதவர்கள் அந்த இரண்டையும் தொடவே வேண்டாம். கிணறு பொது என்றால் முதலில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு பைப் வாங்குங்கள்.

மழைக் காலத்தில் மரம் விழுந்து இங்கே ஒன்றிரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போவது உண்டு. டேங்கின் சூடு மறுநாள் காலை வரைதான் தாங்கும். அதனால் பழைய விறகு பாய்லரை விற்கவில்லை, கொட்டகையில் இந்த யந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மகன் சென்ற பொங்கலுக்கு வந்தபோது இரவு அந்த ரேடியேட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கீழே வந்துவிடுங்கள் என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. காலையில் அவன் அம்மா அவனுக்கு டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.