கையெழுத்து யார் போடுவது? கோச்சடை மாடியில் ஒரு ஜெர்மன் வகுப்பு

மதுரை கோச்சடை. மேலக்கால் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் ஒரு மாடி வீடு. மாலை ஆறு மணிக்கு அங்கே ஜெர்மன் வகுப்பு. வருபவர்கள் ஒன்பது பேர். பிளஸ் டூ முடித்தவர்கள், நர்சிங் முடித்தவர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டு நல்ல வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பையன். எல்லோருக்கும் கனவு ஒன்றுதான். பி1 பாஸ் பண்ண வேண்டும், பிளைட் ஏற வேண்டும். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அந்தச் செய்தியை இன்னும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருப்பவரும் அந்த ஒன்பது பேரில் உண்டு.

அன்றைய பாடம் ஒரு சொல்லில் ஆரம்பித்தது. 'ஃபோல்யேரிக்'. போர்டில் எழுதிவிட்டு, "வயதுக்கு வந்தவர்" என்று ஆசிரியை அர்த்தம் சொன்னதும் பின் வரிசையில் குபீரென்று சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் அந்த வார்த்தைக்கு ஃபிளெக்ஸ் பேனரும் தாய்மாமன் சீரும்தானே ஞாபகம் வரும்? 18 வயது முடிந்ததற்கு யார் சீர் கொண்டுவருகிறார்கள்! கிழக்கு ஜெர்மனியில் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மதம் சாராத ஒரு விழா இன்றும் நடக்கிறது என்று அவர் சொன்னதும், "அங்கேயும் மொய் உண்டா மிஸ்?" என்று கேட்டது ஒரு குரல்.

'வருடங்கள் நிறைந்தவர்' என்று அர்த்தத்தை மாற்றி எழுதினார். அங்கேயும் 18-தான். மேற்கு ஜெர்மனியில் 1975 ஜனவரி 1-ம் தேதிதான் 21-லிருந்து 18 ஆனது. நம் நாட்டில் ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து இறங்கியது 1989-ல். ஆனால் ஆணின் திருமண வயது இன்னும் 21. ஜெர்மனியில் 16 வயதில் கடையில் பீர் வாங்கலாம் என்றபோது மட்டும் பாலிடெக்னிக் பையன் நோட்டில் மிகக் கவனமாகக் குறித்துக்கொண்டான்.

வகுப்பு உண்மையில் சிக்கிய இடம் இலக்கணம். 'டூர்ஃபன்' என்றால் செய்யலாம், அனுமதி உண்டு. 'முஸ்ஸன்' என்றால் செய்தே ஆக வேண்டும். இதுவரை சுலபம். 'நிஷ்ட்' சேர்ந்தால்தான் வம்பு. 'டூ முஸ்ட் நிஷ்ட்' என்பதை, இங்கிலீஷ் பழக்கத்தில் 'செய்யக் கூடாது' என்று ஒன்பது பேரும் எழுதினார்கள். ஒன்பதும் தப்பு. அதற்கு 'செய்ய வேண்டியதில்லை' என்று அர்த்தம். 'கூடாது' என்பதற்கு 'டூர்ஃபன்' வர வேண்டும். தமிழிலேயே யோசித்திருந்தால் குழப்பமே வந்திருக்காது என்பது ஆசிரியையின் நீண்டநாள் வருத்தம்.

பிறகு பட்டியல் போடச் சொன்னார். 18 ஆனால் என்ன செய்யலாம், என்ன செய்தாக வேண்டும்? 'லாம்' வேகமாக வந்தது. தனியாக வீடு எடுக்கலாம், பைக் ஓட்டலாம், யாரையும் கேட்காமல் முடிவெட்டிக்கொள்ளலாம். 'வேண்டும்' பக்கம் காலியாகக் கிடந்தது. அதை அவரே நிரப்பினார். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். வீட்டைக் காலி செய்வதென்றால் பொதுவாக மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. "லெட்டர் பாக்ஸ்ல வர்ற கவரைப் பிரிக்காம வைக்கிறவங்கதான் அங்கே முதல்ல மாட்டுவாங்க" என்றார்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஓர் அப்பா மாடியேறி வந்தார். காளவாசல் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். மகளுக்கு 19 வயது. மூன்று வருட நர்சிங் படிப்புக்காக ஜெர்மனி அனுப்ப ஒரு ஏஜென்ட்டிடம் பேசியிருக்கிறார். கையில் நான்கு பக்க அக்ரிமென்ட்.

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரவா டீச்சர்? ஸ்கூல்ல இருந்து எல்லாத்துலயும் நான்தானே போட்டேன்."

ஆசிரியை வாங்கிப் படித்தார். நடுவில் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். ஒரிஜினல் மார்க் ஷீட் ஏஜென்ட்டிடமே இருக்கும். எது 'விலகுவது' என்று எங்குமே இல்லை.

"அண்ணே, அவளுக்கு 18 முடிஞ்சிருச்சு. 1872-லயே போட்ட ஒப்பந்தச் சட்டம் இருக்கு. அவ போட்டா அவளைக் கட்டும். நீங்களும் போட்டா நீங்க ஜாமீன் நிக்கிற மாதிரி ஆயிரும். மொதல்ல அவ படிக்கட்டும்."

"அவளுக்கு என்ன டீச்சர் தெரியும், சின்னப் புள்ள."

சின்னப் பிள்ளை அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்து, ஜெர்மன் ஃபீஸை அவளேதான் கட்டுகிறாள். ஒன்றும் பேசவில்லை. பேப்பரை மட்டும் கை நீட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இந்தப் பழக்கத்தில் அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பணம், தப்பாகிவிடக் கூடாதே என்ற பதற்றம் அவருக்கு.

இரண்டு நாள் கழித்து அவள் பென்சில் கோடுகளோடு வந்தாள். மூன்று இடம். "இதுல எது முஸ்ஸன், எது டூர்ஃபன்னு அவங்களுக்கே தெரியல மிஸ்" என்றாள். அன்றிலிருந்து ஆசிரியை அவளை 'நீங்க' என்று அழைக்க ஆரம்பித்தார். ஜெர்மன் பள்ளிகளில் மேல்வகுப்புக்கு வந்ததும் பல ஆசிரியர்கள் 'டூ'விலிருந்து 'ஸீ'க்கு மாறிவிடுவார்கள். அதை வகுப்பிலும் செய்து பார்ப்போமே என்றுதான். அவளுக்கு முதலில் கூச்சம்.

ஏஜென்ட்டிடம் அப்பாவும் மகளும் சேர்ந்தே போனார்கள். பேசியது மகள். மார்க் ஷீட் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. இரண்டு லட்சம் விஷயத்தை "கேட்டுச் சொல்கிறோம்" என்றிருக்கிறார்கள். அக்ரிமென்ட்டில் இன்னும் கையெழுத்து விழவில்லை. பி1 தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அப்பா தினமும் ஏழரைக்கு வந்து, ஆட்டோவை வாசலில் நிறுத்திக் காத்திருக்கிறார். மாடியேறி வருவதில்லை.